கீகன் குலமும் என் பெறாமகனும்

மிஸ்டர் கீகன் சமையலறைக் கதிரையில் நிமிர்ந்து இருந்து வாயை ஆவென்று திறந்தார். பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றை இடப்பக்கக் கன்னத்துக்குள் விட்டுத் தேய்க்கத் தொடங்கினார். ஒரு நிமிடம் தேய்க்க வேண்டும் என்று தாளில் அச்சடித்திருந்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணிச் சொல்வது என் வேலை.

அடுப்பில் முட்டைக்கோவா சூப் கொதித்தது. யன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. நாற்பது வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாய்க்குள் குச்சி இருந்ததால் போதுமா என்று கையால் கேட்டார். இன்னும் இருபது என்றேன்.

குச்சியைச் சின்னக் குழாய்க்குள் போட்டு மூடி, தடித்த உறை ஒன்றில் வைத்து ஒட்டினார். அயர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போகிற உறை. அங்கே ஓர் ஆராய்ச்சிக்காரர் கீகன் என்று பெயர் கொண்ட ஆண்களின் எச்சிலைத் தேசம் தேசமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். டி.என்.ஏ. பார்த்து யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லப் போகிறாராம்.

"கவனமாகப் பிடி. உள்ளே ஆயிரம் வருசத்துக் கீகன்மார் இருக்கிறார்கள்" என்று உறையை என்னிடம் நீட்டினார். நானும் பூசைத் தட்டை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.



சென்ற வாரம் ஹோட்டல் லோன்றியில் வேலை செய்த கதையை எழுதும்போது, சனிக்கிழமைகளில் ஒரு ஐரிஷ் கிழவர் வீட்டுக்குப் போவேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். யார் அந்தக் கிழவர், அங்கே என்ன வேலை என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மா, அவரைப் பற்றிச் சொன்னால் என் பெறாமகன் கபிலனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதனால்தான் இத்தனை வாரமாகத் தட்டிக்கழித்துக்கொண்டு வந்தேன்.

நல்ல கண் தேவை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் ஓர் அறை அப்பார்ட்மென்றில் ஐந்து ஆண்கள் இருந்தோம். எலிவேற்றர் பழுதான நாட்களில் பால் வாங்கக் கீழே இறங்குவதா வேண்டாமா என்று சீட்டுப் போட்டுப் பார்ப்போம். தெருவைத் தாண்டினால் கபேஜ்ரவுண். ஒரு காலத்தில் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் ஏழைகள் வீட்டு முற்றத்தில் கோவா நட்டுச் சீவித்த இடம். நான் போன நேரம் அங்கே பணக்காரர்கள் ரோசாச் செடி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழையாய் மிஞ்சியவர் மிஸ்டர் கீகன் ஒருவர்தான்.

பார்லிமென்ற் வீதிச் சுப்பர்மார்க்கெற் வாசலில் ஒரு பலகை. பழைய கட்டில் விற்பனைக்கு, பூனையைக் காணவில்லை என்று கடுதாசிகள் குத்தியிருக்கும். அவற்றுக்குள் ஒன்று: "பழைய கையெழுத்து வாசிக்க நல்ல கண் உள்ள ஆள் தேவை. சனிக்கிழமைகளில் மட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருசம் நான் செய்த வேலை அதுதான். ஒரு நொத்தாரிசிடம் கிளார்க்காக இருந்தேன். காணி உறுதி எழுதுவதும், பழைய உறுதிகளைத் தேடி வாசித்து, இந்தக் காணி முதுசமா சீதனமா தேடிய தேட்டமா என்று வேர் பிடிப்பதும் என் தொழில். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பில் இருந்து பெயர்த்தெழுதிய கறையான் தின்ற தாள்களைக்கூட வாசித்திருக்கிறேன். கிணற்றில் நாற்பத்தெட்டில் ஒரு பங்குக்காக இரண்டு குடும்பங்கள் மூன்று தலைமுறையாக வழக்காடிய கதை ஒன்று உண்டு. கடைசியில் வேரைப் பிடித்துப் பார்த்தால் கிணறு மூன்றாவது குடும்பத்துக்குச் சொந்தம். நொத்தாரிசு ஐயா அன்றைக்கு எனக்குத் தட்டிவான் பயணச் செலவோடு ஒரு பிளேன்ரீயும் வாங்கித் தந்தார்.

எனக்கு அதில் பெரிய கர்வம். என் கையால் எழுதிய உறுதியில் நீதிமன்றத்தில் ஓட்டை கண்டுபிடித்த அப்புக்காத்து இல்லை என்று ஊரில் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

மிஸ்டர் கீகனுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. ஸ்ரீட்கார் என்கிற ட்ராம் வண்டி ஓட்டி இளைப்பாறியவர். மனைவி இறந்துவிட்டா, பிள்ளைகள் இல்லை, கண்ணில் வெண்படலம். கீகன் குலத் தலைவனின் நேர்வழியில் தான் வந்தவர் என்று நிறுவிவிட்டுத்தான் சாவது என்ற ஒரே வைராக்கியம். சனிக்கிழமை காலையில் நூலகத்துக்குப் போவோம். அயர்லாந்துக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவுகளைப் படச்சுருளாக்கி வைத்திருப்பார்கள். பழைய சுருளைப் பிரித்தால் வினாகிரி மணக்கும். நான் இயந்திரத்தின் கைபிடியைச் சுற்றிச் சுற்றி வாசிப்பேன், அவர் தன் பெரிய தாளில் கோடு இழுப்பார். கீகன் என்று ஒரு பெயர் அகப்பட்டால் என் தோளைப் பிடித்து உலுக்குவார். பின்னேரம் அவர் வீட்டில் கோவா சூப்.

அவர் பேச்சைத் தமிழில் எழுதும்போது ஏதோ பண்டிதர்போல வருகிறது. உண்மையில் அவர் வாயைத் திறந்தால் மூன்று சொல்லுக்கு ஒரு தூசணம். பத்திரிகைக்காக நான் கழுவித் தருகிறேன்.

பிள்ளையள் எத்தினை?

இனிக் கபிலனின் கதை.

நானும் அண்ணாவும் ஒரு வீட்டில் அக்காவையும் தங்கையையும் கட்டினோம். அண்ணா அக்காவை, நான் தங்கை தவமணியை. எங்கள் பக்கத்தில் அது புதுமை இல்லை. அண்ணாவுக்குப் பிள்ளை பிறந்தது. எங்களுக்கு ஐந்து வருசமாகியும் இல்லை.

ஊரை ஷெல் அடித்து எழுப்பிய நாட்களில் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கியிருந்தோம். குழந்தைக்கு மாவும் போத்தலும் எடுத்து வருவோம் என்று அண்ணாவும் அண்ணியும் ஒரு மத்தியானம் வீட்டுக்குப் போனார்கள். வரவில்லை. வீடும் இல்லை. எட்டு மாதக் குழந்தை தவமணியின் மடியில் நித்திரையாய்க் கிடந்தது.

செய்தி வந்தபோது பக்கத்தில் பாய் விரித்திருந்த ஒரு மனுசன் சொன்னார், "தாய் தேப்பனைத் தின்னி" என்று. மெதுவாகத்தான் சொன்னார். தவமணிக்குக் கேட்டுவிட்டது. அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

"இண்டையில இருந்து இது நான் பெத்த பிள்ளை. ஆரும் வேற மாதிரிக் கதைச்சால் நான் இருக்கிற இடத்தில இருக்க மாட்டன்" என்றாள்.

மற்றதை நான் பார்த்துக்கொண்டேன். பதிவுக் கந்தோர் எரிந்து கிடந்த காலம். பிறப்புப் பதிவு அழிந்துபோன பிள்ளைக்குக் காலங்கடந்த பதிவு செய்ய வழி இருந்தது. சத்தியக் கடுதாசியை நானே எழுதினேன். தகப்பன் நான், தாய் தவமணி. ஊர்த் தலைமை விதானையார் எல்லாம் தெரிந்தும் பேசாமல் கையெழுத்து வைத்தார். பாவம், அவருக்கும் அந்தச் சொல் பிள்ளையின் காதில் விழக்கூடாது என்றுதான் இருந்தது. ஓட்டை இல்லாத கடுதாசி. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே எழுதினவனும் நான், படித்தவனும் நான்.

கபிலனுக்கு மூன்று வயதாகும் முன் நான் ஊரைவிட்டு வந்தேன். ரொறன்ரோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரிக்குப் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர், "பிள்ளையள் எத்தினை?" என்று கேட்டார். "ஒண்டு. பொடியன்" என்றேன். பொய் சொல்கிறேன் என்று என் மனதில் ஒரு நுளம்புகூடக் கடிக்கவில்லை. அண்ணன் பிள்ளையைப் பெறாமகன் என்பது எங்கள் வழக்கம். பெறாவிட்டாலும் மகன்தானே. அதை அந்த அதிகாரிக்கு விளங்கப்படுத்தியிருக்கலாம். அவர் அதைக் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

என் அகதி வழக்கு முடிந்து பேப்பர்கள் வர வருசங்கள் ஓடின. நான் கூப்பிட விண்ணப்பம் போட, தவமணியும் கபிலனும் விசாவுக்காகக் கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் வந்து இருந்தார்கள். எனக்குச் சனி காலை, அங்கே பின்னேரம். போன் எடுத்தால் லொட்ஜ்காரர் படிக்கட்டில் நின்று கத்துவார். ஓடிவருகிற காலடிச் சத்தம் எனக்குக் கேட்கும். "அப்பா, இண்டைக்கு எவ்வளவு ஸ்நோ?" அதுதான் எப்போதும் முதல் கேள்வி. ஆடி மாதத்திலும் கேட்பான். முழங்கால் மட்டும் என்று ஆடி மாதத்திலும் சொல்வேன்.

கரண்டிகளை வைத்து ஒரு பாடம்

கீகனின் எச்சில் அயர்லாந்துக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். கொழும்பில் உள்ள கனேடியத் தூதரகத்தில் இருந்து கடிதம் வந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பிந்திப் பதியப்பட்டிருக்கிறது, தாயிடம் பிள்ளைத்தாச்சிக் கிளினிக் அட்டை இல்லை. ஆகவே மூன்று பேரும் டி.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும், அல்லது வேறு விளக்கம் இருந்தால் இப்போதே எழுதலாம்.

அந்தக் கடைசி வரியை நான் வாசித்தேன். வாசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வாசிப்பதுதானே என் தொழில்.

எங்கள் அறையில் குலம் அண்ணை என்று ஒருவர் இருந்தார். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவருக்கு மட்டும் விசயம் தெரியும். கடிதத்தை என்னைக் கொண்டே மொழிபெயர்ப்பித்துக் கேட்டார்.

"தம்பி, உள்ளதைச் சொல்லிப்போடு. ஷெல்லில செத்தவையின்ர பிள்ளை எண்டு சொல்லு. அவங்களும் மனுசர்தானே" என்றார்.

"அண்ணை, இவ்வளவு காலமும் மகன் எண்டு எழுதிப்போட்டு இப்ப இல்லையெண்டால் என்னையும் சேத்தெல்லோ திருப்பி அனுப்புவாங்கள்?"

"உண்மைக்குக் கால் நோகாது எண்டு என்ர ஐயா சொல்லுவார். எனக்குச் சட்டம் தெரியாது. பயமாக் கிடக்கு, அவ்வளவுதான்."

அடுத்த சனிக்கிழமை கீகனிடம் போனேன். இப்போது அந்தச் சமையலறைக்கே திரும்பி வருகிறேன். அதே கதிரை, அதே சூப். என் கதையைச் சொல்லவில்லை. சும்மா அறிவுக்காகக் கேட்கிறவன்போல, இந்த எச்சிலில் எப்படிக் குலம் தெரிகிறது என்று கேட்டேன். கிழவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மேசையில் கரண்டிகளை வரிசையாக வைத்தார்.

"இது தகப்பன். இவை இரண்டும் மகன்மார். தகப்பனிடம் ஆண்வழி அடையாளம் ஒன்று இருக்கிறது. அது அப்படியே மகனுக்குப் போகும், மகனிடம் இருந்து பேரனுக்குப் போகும். நூறு வருசமானாலும் மாறாது."

"அப்படியென்றால் அண்ணன் தம்பி?"

"இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவர்கள் பிள்ளைகளுக்கும் அதேதான். யார் எந்தச் சகோதரனுக்குப் பிறந்தவன் என்று இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. அதனால்தான் குலத்தைப் பிடிக்கலாம் என்கிறேன்."

"தாய்?"

முள்ளுக்கரண்டிகளை எடுத்தார். "தாய்வழிக்கு இன்னொன்று. தாயிடம் இருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். அக்காளுக்கும் தங்கைக்கும் ஒன்றே."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கபிலன் என் அண்ணாவின் பிள்ளை, தவமணியின் அக்காவின் பிள்ளை. ஆண்வழியும் பொருந்தும், பெண்வழியும் பொருந்தும். கடுதாசியில் ஓட்டை இல்லை, இரத்தத்திலும் ஓட்டை இல்லை. எந்த அப்புக்காத்தும் உடைக்க முடியாத உறுதி. சந்தோசத்தில் அன்றைக்கு இரண்டு கோப்பை சூப் குடித்தேன்.

அறைக்குப் போய்க் குலம் அண்ணைக்கும் கரண்டி வைத்துப் படிப்பித்தேன். அவர் கரண்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ படிச்சனி. சொல்லுறது சரியாத்தான் இருக்கும்" என்றார். கரண்டிகளைக் கழுவி வைக்கப் போய்விட்டார்.

டவுன்ரவுணில் ஒரு கிளினிக்கில் எனக்கு இரத்தம் எடுத்தார்கள். அங்கே கொழும்பு ஆஸ்பத்திரியில் அவர்கள் இருவருக்கும். கபிலன் அழவில்லையாம். "அப்பாவுக்கும் குத்தினவையே?" என்று கேட்டானாம். ஓம் என்றதும் கையை நீட்டினானாம்.

மூன்று வரி

முடிவு வசந்தம் பிறந்து கொஞ்ச நாளில் வந்தது. தெருவோரத்துப் பனி கறுத்து உருகிக்கொண்டிருந்தது. உறையை எலிவேற்றருக்குள் வைத்தே கிழித்தேன். பரிசோதிக்கப்பட்ட ஆணும் பெண்ணும் இந்தப் பிள்ளையின் பெற்றோராக இருக்க முடியாது. மூன்று வரிதான். பதினான்காம் மாடியில் கதவு திறந்து மூடியது. நான் இறங்கவில்லை. மறுபடி கீழே போனேன்.

கீகன் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது குலம் தேடுகிற சோதனை. குடிவரவுக்காரர் செய்தது பெற்றவர் யார் என்று பார்க்கிற சோதனை. தாயிடம் பாதி தகப்பனிடம் பாதி என்று பல இடங்களில் அடையாளம் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். சித்தப்பன் பெரியப்பனெல்லாம் அதில் நிற்க முடியாது. இரண்டும் டி.என்.ஏ. தான், இரண்டும் வேறு வேறு. காணி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றின் ஆழத்தை வாசித்திருக்கிறேன்.

பிறகுதான் வக்கீலிடம் ஓடினேன். கண்ணாடி போட்ட இளம் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தா.

"உங்கள் அண்ணாவும் மனைவியும் இறந்துவிட்டார்கள் என்று முதலிலேயே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டா. "தாய் தகப்பன் இல்லாத சகோதரர் பிள்ளையைக் கூப்பிடச் சட்டத்தில் இடம் இருக்கிறதே. நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் எப்போதோ வந்திருப்பான்."

 தண்ணீர் கொண்டுவந்து தந்தா. குலம் அண்ணைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்த நாள் அதுதான். நினைத்ததோடு விட்டேன்.

துறைமுகத்தில் யாரும் கேட்கவில்லை

அதே மாதம் கீகனுக்கும் அயர்லாந்தில் இருந்து பதில் வந்தது. மற்றக் கீகன்மாரின் ஆண்வழியோடு அவருடையது பொருந்தவில்லை. அவர் குலத் தலைவனின் வழி இல்லை. கீகன்மாரின் வழியே இல்லை.

நான் போனபோது அந்தப் பெரிய தாள் மேசையில் விரித்தபடி கிடந்தது. மூன்று வருசம் நான் வாசிக்க வாசிக்க அவர் இழுத்த கோடுகள். முகத்தைச் சவரம் செய்யாமல் இருந்தார்.

"எங்கே அறுந்தது என்று எனக்குத் தெரியும்" என்று தாளில் ஓர் இடத்தைத் தொட்டார். பஞ்ச காலத்தில் கப்பலில் வந்த கொள்ளுத் தாத்தாவின் பெயர் அங்கே இருந்தது. "கப்பலில் காய்ச்சலில் சனம் செத்துச் செத்து விழுந்தது. தாய் தகப்பனைக் கடலில் போட்ட ஏதோ ஒரு பிள்ளையைக் கீகன் குடும்பம் தங்கள் பிள்ளை என்று சொல்லிக் கரையில் இறக்கியிருக்கிறது. வேறு எப்படி இருக்க முடியும்?"

அது அவருடைய ஊகம்தான். வேறு விதமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நான் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளை துறைமுகத்தில் இறங்கியபோது யாரும் குச்சியை வாயில் விடவில்லை. ஊசி குத்தவில்லை. கீகன் என்றார்கள், கீகன் என்று எழுதிக்கொண்டார்கள். அவன் வளர்ந்து, கலியாணம் கட்டி, அவனுடைய கொள்ளுப்பேரன் ஸ்ரீட்கார் ஓட்டினார்.

அப்போதுதான் என் கதையை அவருக்குச் சொன்னேன். அவருக்குத் தன் கவலை மறந்துவிட்டது.

"என்னிடம் ஏனடா கேட்கவில்லை?" என்று மேசையில் குத்தினார். "அன்றைக்குக் கரண்டி வைத்தேனே, அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

 கள்ளன் பொலிஸ்காரனிடமா வழி கேட்பான் என்று நினைத்திருந்தேன். அவர் பொலிஸ்காரர் இல்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்தக் கோடையில் அவர் அயர்லாந்தில் நடந்த கீகன் குல ஒன்றுகூடலுக்குப் போய்வந்தார். ரிக்கெற் முன்பே எடுத்தது. சோதனை முடிவைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லையாம். நெஞ்சில் பெயர் அட்டை குத்திக்கொண்டு நூறு கீகன்மாருக்கு நடுவில் நின்று சிரிக்கிற படத்தைக் காட்டினார். அவரை எந்த விமான நிலையத்திலும் யாரும் மறிக்கவில்லை. எனக்கு அந்தக் கிழவர் மேல் வந்த கோபம் அநியாயமான கோபம். என்றாலும் வந்தது. அதன் பிறகு நான் சனிக்கிழமைகளில் போகவில்லை. இரண்டு மூன்று முறை போன் எடுத்துக் குலம் அண்ணையிடம் செய்தி விட்டிருந்தார். பிறகு ஒருநாள் அந்த வீட்டு முற்றத்தில் விற்பனைப் பலகை நின்றது.

சனிக்கிழமைப் பாடம்

தூதரகத்தில் தவமணியைக் கூப்பிட்டு விசாரித்தபோது கபிலனும் பக்கத்தில் இருந்திருக்கிறான். "உங்கட பிள்ளை இல்லையெண்டு ரிப்போட் சொல்லுது. அப்ப இது ஆற்றை பிள்ளை?" என்று மொழிபெயர்த்தவர் கேட்டாராம். அவனுக்குப் பத்து வயது. தமிழ் நன்றாக விளங்கும்.

தவமணி அவனை வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். "ஒண்டும் கேக்கேல்லை. ரயில் வந்தது. அது போய் மறையுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டவன். பிறகு பசிக்குது எண்டான்" என்று போனில் சொன்னாள். 

பிறகு அவன் வந்து போனை வாங்கினான். ஸ்நோவைப் பற்றிக் கேட்கவில்லை.

"நான் உங்களை இனி என்னெண்டு கூப்பிடுறது?"

வாசகர்களே, இந்த இடத்தில் எந்த மடையனும் சரியான பதிலைச் சொல்லியிருப்பான். அதற்குப் படிப்புத் தேவையில்லை.

ஆனால் முதல்நாள்தான் வக்கீல் எனக்கு ஒன்று சொல்லியிருந்தா. அண்ணாவின் பிள்ளை என்று புது விண்ணப்பம் போடலாம், இனி எல்லோரும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும், பிள்ளையையும் விசாரிப்பார்கள் என்று. எனக்குள் இருந்த கிளார்க் உடனே எழும்பிவிட்டான். ஓட்டை இருக்கக்கூடாது.

"சித்தப்பா எண்டு கூப்பிடு ராசா. கொஞ்ச நாளைக்குத்தான்."

"அம்மாவை?"

"சின்னம்மா எண்டு."

அந்தப் பக்கம் தவமணி போனைப் பறித்தாள். "என்னை அவன் அம்மா எண்டுதான் கூப்பிடுவான். உங்கட கந்தோருக்காக அதை மாத்தேலாது. நீங்கள் வேணுமெண்டால் உங்களை மாத்திக்கொள்ளுங்கோ."

மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பாடம் நடத்தினேன். உன்ர அப்பாவின்ர பேர் என்ன என்று கேட்பேன். அண்ணாவின் பெயரைச் சொல்வான். நான் ஆர் என்று கேட்பேன். முதலில் தடக்கினான். "அப்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்துவான். "திருப்பிச் சொல்லு" என்பேன். இரண்டு மூன்று மாதத்தில் தடக்காமல் வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை.

இரண்டாவது விண்ணப்பமும் தள்ளுபடியானது. அவன் என் அண்ணாவின் பிள்ளை என்பதற்கு ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. இருந்த ஒரே கடுதாசி, தகப்பன் நான் என்று நானே எழுதிய அந்த ஓட்டை இல்லாத கடுதாசி. அண்ணாவையும் அண்ணியையும் பிள்ளையின் பதிவில் இருந்து அழித்தவன் நான். ஒருமுறை பொய் சொன்னவனின் இரண்டாவது கதையை அவர்கள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அந்த ஆத்திரத்தில் தவமணியிடம் போனில், நீ அவனைக் கொண்டு உன்னை அம்மா எண்டு கூப்பிட வைச்சதாலதான் எல்லாம் கெட்டது என்று கத்தினேன். அவள் போனை வைத்தாள். அவளுக்குத் தனியாக விசா தரச் சம்மதித்தார்கள். அவள் அதை எடுக்கப் போகவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்விட்டாள்.

நானும் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. பயம் என்று அப்போது சொன்னேன். வேலை, பேப்பர், குளிர் என்று பிறகு எதையெல்லாமோ சொன்னேன். இன்றைக்கு எதையும் சொல்ல வரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் போனில், "இனிப் பழையபடி கூப்பிடலாம் ராசா" என்றேன்.

"ஓம்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் என்னை எப்படியும் கூப்பிடவில்லை. நேரே விசயத்துக்கு வருவான். சோதினை முடிஞ்சுது, அம்மாவுக்குக் காய்ச்சல் சுகம், போனை வைக்கட்டே?

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், கனேடியக் கடவுச்சீட்டோடு முதன்முதலாக இறங்கினேன். கட்டுநாயக்காவில் தவமணி நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் என் அண்ணாவே நிற்பதுபோல நெடுத்த ஒரு பொடியன். நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். அவன் பொறுமையாக நின்றான். பிறகு என் பெட்டியை வாங்கிக்கொண்டு வானுக்கு நடந்தான்.

வான்காரர் பெட்டியைத் தூக்கி மேலே கட்டியபடி அவனிடம் கேட்டார், "கனடாக்காரர் அப்பாவோ தம்பி?"

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமும் இல்லை. தடக்கலும் இல்லை.

"இல்லை அண்ணை, சித்தப்பா" என்றான்.